செக் ஆளு உள்ள இருக்கணும்

எங்கள் வீட்டில் ‘செக்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். என் கணவர் பெங்களூர் நகரப் பேருந்தில் நடத்துனர். ஏதாவது ஒரு நிறுத்தத்தில் வண்டி தேவைக்கு மேல் ஒரு நிமிடம் நின்றால், முன்வாசலில் ஒருவர், பின்வாசலில் ஒருவர் என்று கையில் நோட்டோடு ஏறுவார்கள். அவர்கள்தான் செக்கிங். ஏறியவர்கள் பயணிகளின் டிக்கெட்டைப் பார்ப்பார்கள். அதைவிட அதிக நேரம் என் கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இத்தனை வருடமாக அவர் வேலை முடிந்து நீலசந்திராவில் எங்கள் படியேறி வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு செக் வந்துச்சா?” என்பதுதான். வந்தது என்றால் அன்று குழம்பில் உப்பு சரியில்லை என்பார். வரவில்லை என்றால் அதே குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம். என் படிப்புக் குறைவுதான் காரணம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் போட்டோ பிரேம் கடையில். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். சட்டம் அடிப்பது, கண்ணாடி அறுப்பது எல்லாம் ஆண்கள். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் தடிமனாக ஒரு வெள்ளை அட்டை வருமே, அதில் படம் தெரிவதற்காக ஜன்னல் வெட்டுவது என் வேலை. ஜன்னலின் விளிம்பு சாய்வாக இருக்க வேண்டும். மூலையில் பிளேடு ஒரு மயிரிழைகூடத் தாண்டக் கூடாது. பேச்சுத் தேவைப்படாத வேலை. அதனால்தான் பதினெட்டு வருடம் அங்கேயே இருந்தேன். வாடிக்கையாளர் யாராவது வந்தால் ஸ்கேலைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். ஒரு படத்தில் எது தெரிய வேண்டும், எது அட்டைக்குப் பின்னால் போக வேண்டும் என்று தீர்மானிப்பது என் கைதான். அதை யாரும் யோசித்ததில்லை, நான் உட்பட. கல்யாணப் படங்களில் ஓரமாக நின்ற பெரியப்பாக்கள் எத்தனையோ பேரை அட்டைக்குப் பின்னால் அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

ஒரே தொந்தரவு, நின்றுகொண்டேதான் வெட்ட வேண்டும். உட்கார்ந்தால் கைக்கு அழுத்தம் வராது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிளம்பியது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “நிக்காதீங்க” என்றார். அவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த நாற்காலி கண்ணில் பட்டது.

கப்பன் பார்க் பக்கம் ஒரு மேடம் நடத்தும் கேலரி. எங்கள் கடைதான் அதற்குப் பிரேம் போட்டுக் கொடுக்கும். படங்களை மாட்டும் நாளில் கோணல் பார்க்க நானும் போவேன். அதன் வாசலில், உள்ளே வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதற்காக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கைப்பிடி வைத்த மர நாற்காலி, மேலே ஒரு பழைய மெத்தை. நாள் முழுவதும் பத்துப் பதினைந்து பைகள் வந்தால் அதிகம். பெரியவர் வேலையை விட்டுவிட்டு ஓசூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் எதற்கும் ஆசைப்பட்டவள் இல்லை என்று சொன்னால் பொய். ஆசைப்பட்டதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கணவரிடம் சொன்னேன். அது ஒரு தப்பு.

“மேடத்தாண்ட கேட்டியா?” என்றார் மறுநாள்.

“இல்ல.”

“எப்பதான் கேப்ப? நாக்காலி தானா நடந்து நீலசந்திராவுக்கு வருமா?”

“கேக்கறேன்.”

“நீ எங்க கேக்கப் போற. என் பஸ்ல நீ ஏறுனாகூட ஸ்டாப்பு வந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்ட. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வர்றவ நீ.”

அது உண்மை. ஒரு முறை இல்லை, பல முறை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த இருபத்திரண்டு படங்கள் வந்தன. உருளைக்குள் சுருட்டி, வெளிநாட்டிலிருந்து நேராகக் கேலரிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் மேசைக்கு வந்தன. எல்லாம் பழைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களின் புதுப் பிரதிகள். தூண்கள், உடைந்த ஜாடிகள், மூக்கு இல்லாத கல் முகங்கள், தோண்டிப் போட்ட மண் மேடுகள். ஏழு படங்களில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். அந்த ஏழும் அகலத்தில் நான்கு விரல் கூடுதல். கேலரி மேடம் சட்டங்களை முன்கூட்டியே ஒரே அளவில் செய்யச் சொல்லிவிட்டார். சட்டம் பெரிதாகாது. படத்தைத்தான் அட்டைக்குள் ஒதுக்க வேண்டும்.

பாய் மேடத்துக்கு போன் போட்டார். பேசி முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“ஏமா, கேட்டுக்கோ. எந்தப் பக்கம் வெட்டுனாலும் பரவாயில்லையாம். செக் ஆளு மட்டும் கட்டாயம் உள்ள இருக்கணுமாம்.”

“செக் ஆளா?”

“ஆமா. செக் ஆளு. அவருக்காகத்தான் இந்தப் படமெல்லாமே மாட்றாங்களாம். அவரு தலை போச்சு, நம்ம தலை போச்சு.”

“யாரு பாய் அது?”

“எனக்கென்னமா தெரியும்? படத்தப் பாரு, தெரியும். டென்ஷன் நக்கோ, வேணாம்.”

படத்தைப் பார்த்தேன். தெரிந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குஞ்சம் வைத்த உயரமான தொப்பி, இறுக்கமான கோட்டு, கடிகாரச் சங்கிலி, முறுக்கிவிட்ட மீசை. கையில் நோட்டு. நடுவில் தோண்டி எடுத்த ஒரு கல் பெண், கை இல்லாமல் சாய்ந்து கிடந்தாள். வலது பக்கம் ஒரு குழி. குழிக்குள் மார்பளவு மண்ணில் ஒருவன், கசங்கிய சட்டை, முழங்கை வரை சுருட்டியது, தலைமுடியில் புழுதி. அவன் நேராகப் படம் எடுப்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பிக்காரரோ அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவரின் முகத்தை அப்படிப் பார்க்கிறவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நோட்டைப் பிடித்திருந்த விதம்கூட அதேதான்.

ஏழு படத்திலும் அந்தத் தொப்பிக்காரர் இருந்தார். ஏழிலும் கையில் நோட்டு, வலது பக்கம் குழியில் அதே ஆள். வெளிநாட்டில் செக்கிங் ஆட்களுக்குக் கண்காட்சி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்தபோது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் உலகத்தில் எங்கேயும் அப்படித்தானே, குழியில் இறங்கியவனுக்கு யார் சட்டம் போடுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உருளையின் மேல் ஆங்கிலத்தில் C-z-e-c-h என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். செக் என்ற சின்னச் சொல்லுக்கு இத்தனை எழுத்துப் பிழையா, இவ்வளவு படித்தவர்களா இப்படி எழுதுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். மரியாதைக்காக வெளியில் சொல்லவில்லை.

ஏழு ஜன்னலும் சுத்தமாக வந்தன. குழிக்குள் இருந்தவன் ஏழு முறை அட்டைக்குப் பின்னால் போனான். கடைசிப் படத்தில் அவன் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. அட்டையை அவன் முகத்தின் மேல் வைக்கும்போது, “தப்பா நெனைக்காதப்பா” என்று மனதுக்குள் சொன்னேன். வெளியாட்களிடம் நான் அவ்வளவு பேசியதே அதிகம்.

மாட்டுகிற நாளில் கேலரிக்குப் போனேன். வாசல் நாற்காலி காலியாக இருந்தது. பெரியவர் முந்தின வாரமே ஓசூர் போய்விட்டார். மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் மட்டும் இருந்தது. உள்ளே எங்கள் கடை ஆட்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் ஒரு கையில் போன், ஒரு கையில் அழைப்பிதழ் என்று சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டுவதற்கு விவரச் சீட்டுகளை என்னிடம் கொடுத்து, தன் கன்னடம் கலந்த தமிழில் அவசரப்படுத்தினார்.

“ஆயித்தா அம்மா? பேக பேக ஒட்டுங்க. நாலு மணிக்கு கெஸ்ட் வந்துடுவாங்க.”

சீட்டில் மேலே ஆங்கிலம், கீழே கன்னடம். என் ஆங்கிலம் எழுத்துக் கூட்டும் அளவு. கன்னடம் பேருந்துப் பலகைகளைப் படித்துப் படித்து நன்றாக வந்துவிட்டது. அதில் செக் என்று இல்லை, ‘ஜெக்’ என்று இருந்தது. ஜெக் அறிஞர்கள். ஜெக் மொழி. ஜெக் நாடு.

நாடு.

ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்தக் காலத்தில் அவர்களுக்கென்று தனி நாடு இல்லையாம். வேறொரு பெரிய பேரரசுக்குக் கீழே இருந்தார்களாம். சொந்த ஊரில் வேலை கிடைக்காமல், தூர தேசங்களுக்குப் பள்ளி வாத்தியாராகப் போனவர்கள் சிலர். லீவு நாட்களில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பழைய கிரேக்கர், ரோமானியர் ஊர்களைத் தோண்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டெடுத்தது வேறு யாருடைய தலைநகரத்துக்கோ போனது. புத்தகங்களில் அவர்களுடைய ஊர்ப் பெயருக்குப் பதில் பேரரசின் பெயரைப் போட்டார்கள். எந்த ஊரில் இருந்தாலும் வெளியூர் ஆட்கள்.

இதெல்லாம் எனக்குப் புரியாத விஷயம் இல்லை. எனக்கும் இங்கே தமிழாள் என்று பெயர். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் பெங்களூர்க்காரி என்று பெயர்.

ஆட்கள் உள்ள படங்களில் ஏழாவதன் சீட்டுதான் என்னைக் கவிழ்த்தது. மற்ற ஆறு சீட்டுகளில் ‘தோண்டும் இடத்தில் ஜெக் அறிஞர், அரசு அதிகாரியுடன்’ என்று பொதுவாக இருந்தது. இதில் மட்டும் இடம் சொல்லியிருந்தது. அறிஞர் வலது பக்கம், குழிக்குள். இடது பக்கம் நிற்பவர், பொருள் எதுவும் திருட்டுப் போகாமல் மேற்பார்வை பார்க்க அந்த நாட்டு அரசாங்கம் அனுப்பிய அதிகாரி. குழிக்குக் கன்னடத்தில் உள்ள சொல்லை நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுத முடியாது. தமிழில் அது நாம் உடம்பில் எதை வைத்து உட்காருகிறோமோ அதன் பெயர். அதனால் முதலில் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டாவது முறையும் படித்தேன். தப்பு இல்லை. ‘பலக்கே’ என்றால் வலது பக்கம்தான். வலது பக்கம் என் வெள்ளை அட்டை சுத்தமாக, சாய்வாக, ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது.

நான் செக்கிங் ஆளை உள்ளே வைத்து, செக் ஆளை வெளியே அனுப்பியிருந்தேன். ஏழு முறை.

கை பழக்கத்தில் சீட்டைப் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டது. அப்போது மேடம் என் பின்னால் வந்து நின்றார். அவர் படங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அதாவது படங்களின் மேல் விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

“தும்ப நீட்டா வெட்டியிருக்கீங்க அம்மா. இவ்ளோ பொறுமையான ஆளு நம்ம கேலரிக்குக் கெடைச்சா நல்லா இருக்கும்.”

இதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது. ஒன்று, தப்பைச் சொல்ல வேண்டும். இல்லை, நாற்காலியைக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. தப்பைச் சொன்னால் நாற்காலி போகும். பாய்க்கு இந்தக் கேலரியே போகும். ‘மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு’ என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

“மேடம், வாசல் நாக்காலி...”

வந்தது அதுதான்.

“ஓ, நீங்க வரீங்களா? நான் கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன். திங்கக்கெழம லீவு. நாளையிலேர்ந்து வந்துடுங்க.”

அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் என் வாழ்க்கையில் இன்னும் சிலவற்றைக் கேட்டிருப்பேன்.

நான்கு மணிக்குத் திறப்பு விழா. அந்த நாட்டிலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். வெள்ளைச் சட்டை, வியர்த்த கழுத்து, கையில் மாதுளை ஜூஸ். மேடம் மேடையில் பேசினார். இந்த அறிஞர்கள் போன இடத்து மக்களோடு எப்படி ஒன்றிப் போனார்கள் என்பதற்கு இந்தத் தொப்பியே சாட்சி, உள்ளூர்த் தொப்பியையே தன் தொப்பியாக ஏற்றுக்கொண்டார் பாருங்கள் என்று படத்தைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். விருந்தினர் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து, உறுதியான முகம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது உண்மைதான். செக்கிங் ஆட்களுக்கு முகம் உறுதியாகத்தான் இருக்கும். மறுநாள் ஒரு பத்திரிகையில் தொப்பிக்காரரின் படம் வந்தது. கீழே, அறிஞர் என்று.

அன்று நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போய், வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சோறு புரையேறிவிட்டது.

“இன்னாடி சொல்ற? செக்கிங்காரனுக்கு பிரேம் போட்டு மாட்டிட்டியா?”

“மெல்லப் பேசுங்க.”

“இத்தினி வருஷமா அவனுங்க எனக்கு மெமோ குடுத்தானுங்க. நீ அவனுங்களுக்கு மால போட்டுட்டு வந்துக்கற. ஏழு மால!”

“சொல்லிடட்டுமா மேடத்தாண்ட?”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். முதல் முறையாக வீக்கம் குறைந்திருந்தது.

“நாக்காலி எப்டி கீது?” என்றார்.

“மெத்தை இருக்குது.”

“அப்ப உக்காரு.”

உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன். வருகிறவர்களின் பையைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் வேலை. அதாவது, நானே செக்கிங் ஆகிவிட்டேன். கையில் நோட்டும் கொடுத்திருந்தார்கள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிவது ஏழாவது படம்தான். தொப்பிக்காரர் வலது பக்கம், அட்டையை, முறைத்துக்கொண்டிருப்பார். அவர் யாரை முறைக்கிறார் என்று அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கண்காட்சிக்குக் கூட்டம் என்று சொல்ல முடியாது. பார்க்கில் நடந்துவிட்டு ஏசிக்காக வருகிறவர்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள், கழிப்பறை எங்கே என்று கேட்கிறவர்கள். ஒருவரும் சீட்டைப் படிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியே மாதம் முடிந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி இருந்தார். பையில் ஒரு குடை, ஒரு டிபன் டப்பா, ஒரு பூதக்கண்ணாடி. முதல் படத்திலிருந்து ஒவ்வொரு சீட்டையும் விரலை வைத்துப் படித்தார். ஏழாவது படத்துக்கு வந்தார். படித்தார். நிமிர்ந்து வலது பக்கம் பார்த்தார். மறுபடி படித்தார். பூதக்கண்ணாடியை எடுத்து அட்டைக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, போட்டு, மறுபடி பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

“கண்ணு போயிடுச்சும்மா,” என்றார் என்னிடம். “எழுதியிருக்கிறது தெரியுது. ஆளு தெரிய மாட்டேங்குறாரு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

அவரிடம்கூட நான் சொல்லவில்லை. அவர் படியில் கையால் துழாவிக் காலை வைத்து இறங்கினார். வரும்போது விறுவிறுவென்று ஏறி வந்தவர்.

திங்கட்கிழமை விடுமுறை. துப்புரவுக்காகச் சாவி என்னிடம் இருந்தது. ஏழாவது படத்தை இறக்கி, பழைய புடவையில் சுற்றி, ஆட்டோவில் சிவாஜிநகர் கொண்டு போனேன். பாய் என் பழைய மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், “நான் என்ன கண்டேன், மேடம் சொன்னதச் சொன்னேன்” என்றார். புது அட்டை எடுத்து, இந்த முறை இடது பக்கத்தை ஒதுக்கினேன். தொப்பிக்காரர் அட்டைக்குப் பின்னால் போனார். குழியிலிருந்தவர் ஜன்னலுக்கு வந்தார். புழுதி படிந்த தலையோடு, நேராக என்னைப் பார்த்தார். முதல் முறையாக அவரை ‘அவர்’ என்று நினைத்தேன். மற்ற ஆறையும் அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாரும் எதையும் பார்ப்பதில்லை என்ற தைரியம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மேடம் உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் குரல் வந்தது.

“அம்மா! இங்க வாங்க!”

போனேன்.

“இது யாரு? இந்தக் கூலி ஆள யாரு உள்ள விட்டது? செக் ஆளு உள்ள இருக்கணும்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

நாற்காலி ஒரு முறை கண்ணுக்கு முன்னால் வந்து போனது. பிறகு பூதக்கண்ணாடிப் பெரியவர் படியைத் துழாவிய கை.

“இவருதான் மேடம் செக்.”

“அப்போ அவரு?”

“அவரு செக்கிங்.”

மேடம் என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். குனிந்து, ஆங்கிலத்தில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை படித்தார். அவர் அடித்துக் கொடுத்த சீட்டுதான். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னது வேறு.

“ஐயோ, தொப்பியப் பத்திப் பேசிட்டேனே.”

எதனால் அப்படி வெட்டினேன் என்று கேட்டார். சொன்னேன். என் கணவரின் பேருந்து, நோட்டு, முறைப்பு எல்லாம் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மேடம் இடையில் ஒரு முறை வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

பிறகு யோசித்தார். பத்திரிகையில் தொப்பிக்காரர் படம் வந்தாகிவிட்டது. அந்த நாட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது. இப்போது திடீரென்று ஆளை மாற்றினால் கேள்வி வரும். புதுப் படம் சின்ன அளவில் கேட்டு எழுதலாம், வந்து சேருவதற்குள் கண்காட்சி முடிந்துவிடும்.

“ரெண்டு பேரையும் வெக்க முடியாதா?” என்றார்.

முடியும் என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. சில தம்பதிகள் சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். இருவரில் ஒருவர் போன பிறகு, இரண்டு தனித்தனிப் படங்களைக் கொண்டுவந்து சேர்த்துப் போடச் சொல்வார்கள். ஒரே அட்டையில் இரண்டு ஜன்னல் வெட்டுவோம். இந்த ஜன்னலில் புருஷன், அந்த ஜன்னலில் பெண்டாட்டி. வாழ்நாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அதில் மிகவும் ஒற்றுமையாகத் தெரிவார்கள்.

அன்று மத்தியானமே படத்தை நடுவில் அறுத்து, இரண்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒட்டினேன். இடது ஜன்னலில் தொப்பிக்காரர். வலது ஜன்னலில் குழிக்காரர். நடுவில் இரண்டு விரல் வெள்ளை அட்டை. மாட்டியபோது அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனது மாதிரி இருந்தது. மேடத்துக்குத் திருப்தி.

“மத்த ஆறு படம் மேடம்?”

“அந்தச் சீட்டுல எடது வலதுன்னு எழுதல இல்ல? விட்டுடுங்க.”

விட்டுவிட்டேன். ஆறு படங்களில் இன்றும் அவர்தான் அறிஞர்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாற்காலிக்குத் திரும்பி உட்காரப் போனபோது மேடம் கூப்பிட்டார். அவர் முகத்தில், நல்லது செய்யப் போகிறவர்களின் பிரகாசம் இருந்தது.

“அம்மா, இந்த இருபத்திரண்டு படத்தையும் முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான். உங்களப் போய் வாசல்ல உக்கார வெச்சிருக்கேனே! நாளையிலேர்ந்து உள்ள நில்லுங்க. வர்றவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. வாசலுக்கு வேற ஆளு போட்டுக்கறேன்.”

நில்லுங்க. சொல்லுங்க. என்னால் முடியாத இரண்டு காரியங்களையும் ஒரே வாக்கியத்தில் பதவி உயர்வாகக் கொடுத்துவிட்டார். ‘கால் வலிக்கும் மேடம்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என்னிடமிருந்த பேச்சு முழுவதும் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் தன் லீவு நாளில் கணவர் பார்க்க வந்தார். வாசலில் புதிதாக வந்திருந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், “சார், பேக் தொறங்க” என்றார்.

“இன்னாப்பா, லீவு நாளுலயுமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்தார். ஏழாவது படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். தொப்பிக்காரரைப் பார்த்தபோது அவர் கை தானாகத் தோளுக்குப் போனது, டிக்கெட் பை தொங்கும் இடத்துக்கு.

“இதுல செக் யாரு?”

“வலது பக்கம்.”

“எடது பக்கம் கேக்கவே வேணாம். ஆமா, ரெண்டு பேரும் சேந்து இன்னாத்தத் தோண்டி எடுத்தாங்க?”

நான் நடுவில் இருந்த வெள்ளை அட்டையைக் காட்டினேன்.

“இங்க ஒரு கல்லுப் பொம்பள இருந்தா. எடம் பத்தல.”

அவர் சிரித்த சிரிப்பில் வாசல் ஆள் எட்டிப் பார்த்தார். அந்தக் கல் பெண்ணைப் பற்றி இதுவரை வேறு யாரும் கேட்கவில்லை. பையில் பூதக்கண்ணாடி இருந்த பெரியவர் திரும்பி வந்தால் முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். கண்ணில் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அவர் இன்னும் வரவில்லை.

வாசல் ஆள் தினமும் பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போவார். அந்தப் பத்து நிமிடம் நாற்காலி என்னுடையது. கால்களை நீட்டி உட்கார்ந்துகொள்வேன். அப்போது யாராவது வந்து படத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டால், எனக்குத் தெரியாது, நான் செக்கிங் மட்டும்தான் என்று சொல்லிவிடுவேன்.